'கூம்புப்பதிவு' என்னும் சொல்லை முன்மொழிகிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒலிப்பதிவில் மைக்ரோஃபோன் புகுவதற்கு முன், கூம்பு வடிவக் குழாயைக் கொண்டு பதிந்த முறைக்கு 'ஒலியியல் பதிவு' என்ற சொல்லை நண்பர் ஒருவர் முன்வைத்திருந்தார். எல்லாப் பதிவும் ஒலியைப் பதிவதே என்பதால், அச்சொல் 1903-ஆம் ஆண்டின் இசைத்தட்டை 1930-ஆம் ஆண்டின் தட்டிலிருந்து பிரித்துக் காட்டாது. 'கூம்புப்பதிவு' என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

அமெரிக்காவில் ஆர்தர் காலின்ஸும் பைரன் ஹார்லனும் சேர்ந்து பாடத் தொடங்கிய 1900-களின் முற்பகுதியில், பாட்டுக்குப் பியானோ ஒன்றையே துணையாகக் கொண்ட தட்டுகள் பல வெளிவந்தன. (ஆண்கள் இருவர் பாடுவதை 'ஜோடிப் பாட்டு' என்றால் பொருள் திரியும், நான் 'இருவர் பாட்டு' என்றே எழுதுகிறேன்.) ஒலியைப் பெருக்கும் மின்கருவி எதுவும் இல்லாத அம்முறையில், கூம்புக்குள் புகுந்த குரலின் விசை மட்டுமே அதன் முனையிலிருந்த மென்தகட்டை அதிரச் செய்து, ஊசியால் மெழுகில் தடம் கீறியது. ஆகவே பாடுவோர் கூம்பின் வாயை நெருங்கி நின்றார்கள். குரல் உச்சத்துக்கு ஏறும்போது பின்வாங்கினார்கள். நிமிர்நிலைப் பியானோவின் பின்பலகையைக் கழற்றி, கூம்பின் உயரத்துக்கு வருமாறு மேடைமேல் ஏற்றி, தொடக்கம் முதல் முடிவு வரை ஓங்கியே வாசித்தார்கள். அப்படியும் அதன் கீழ்ச்சுரங்கள் பெரிதும் கரைந்துபோயின. இன்று அத்தட்டுகளில் பியானோ மெலிந்து ஒலிப்பதை வாசித்தவரின் குறையாக எண்ணுவது பெரும் அநீதி. அந்த ஓசைக்குக் காரணமான கருவி சொல்லிலேயே இடம்பெற வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

'இயந்திரப் பதிவு' என்றால், அக்காலத்தில் துளையிட்ட தாளால் தானே இசைத்த பியானோச் சுருள்களும் அதற்குள் வந்துவிடும். 'மின்சாரமில்லாப் பதிவு' என்பதோ பின்னால் வந்த ஒன்றின் இன்மையால் முன்னதைச் சுட்டுகிறது.

கிராமஃபோனிலும் கூம்பு உண்டே என்ற மறுப்பு நியாயமானது. விக்டர், கொலம்பியா நிறுவனங்கள் 1925-இல் மைக்ரோஃபோன் கொண்டு பதியும் மின்முறைக்கு மாறிய பிறகும், அத்தட்டுகளைப் பல வீடுகளில் கூம்பு வைத்த பெட்டியில்தான் கேட்டார்கள். ஆயினும் 'பதிவு' என்ற ஈற்றுச்சொல் பதியும் இடத்தையே குறிப்பதால் குழப்பம் நேராது. கேட்கும் கருவியின் உறுப்பை 'ஒலிக்கூம்பு' எனலாம். 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்ற வழக்கால் 'கூம்பு' என்ற சொல் நமக்குப் பழகியதே.

இசைத்தட்டுகளின் அட்டவணையில் 'இருவர் பாட்டு, பியானோ துணை, கூம்புப்பதிவு' என்று பதிவிடலாம். மின்முறையில் பதிந்ததற்கு 'மின்பதிவு' போதும். இரண்டையும் இடைவெளியின்றிச் சேர்த்தெழுதினால் தேடுவதற்கும் எளிது.