உதவி: ஹால்ல எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடுது, சத்தம் பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு (அவசரம்)

ஃபிளாக்_கிழக்கு:
எல்லாருக்கும் வணக்கம். மொரீசியஸ்ல எங்க ஊர் கிராம சபைக்கு டெங்கு பத்தி மூணு சின்ன வீடியோ வேணுமாம், ஒவ்வொண்ணும் 2 நிமிஷம். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். சபை ஹால்ல சுகாதார ஆய்வாளரை நிக்க வெச்சு எடுத்தாச்சு. படத்துல கறுப்புப் பட்டை ஓடிட்டே இருக்கு. மைக் மாட்டித்தான் எடுத்தோம், ஆனாலும் ஒரே எதிரொலி. முடிவுக்கு வர்றப்ப வாயசைவும் பேச்சும் ஒட்டல. பட்ஜெட்னு ஒண்ணும் கிடையாது. என்ன பண்ணலாம், சீக்கிரம் சொல்லுங்க.

க்யூர்பிப்_தூறல்:
என்ன போன், என்ன மைக், எந்த ஆப், ஹால்ல என்ன லைட்டு? ஒண்ணையும் சொல்லாம அவசரம்னா எப்படிங்க?

லென்ஸ்மாமா:
பட்டை வர்றது ஃப்ரேம் ரேட்டாலதான், அதாவது நொடிக்கு எத்தனை படம்ங்கிறது. போன்ல 30 இருக்கும், 25 ஆக்குங்க, முடிஞ்சது.

பழம்பெருச்சாளி:
மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றார், தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. பதில் சொல்ல வர்றவங்களும் பாதிதான் சொல்றாங்க.

மொரீசியஸ்ல மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். போன் சென்சார் படத்தை மேலிருந்து வரிவரியா வாசிக்குது. ஷட்டர் (ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்குற நேரம்) 1/120 நொடியில நின்னா ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கிற வெளிச்சம் வேற வேற அளவு. அதுதான் பட்டை. 1/100 வெச்சா எல்லா வரிக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைக்கும், 1/50-ல ரெண்டு. அப்ப 25-ஆ 30-ஆங்கிறது பொருட்டே இல்லை. ஷட்டரை ஆட்டோவுல விட்டுட்டு 25-க்கு மட்டும் மாத்தினா, ஓடின பட்டை ஒரே இடத்துல நிக்கும். போகாது, லென்ஸ்மாமா.

லென்ஸ்மாமா:
சரிங்க வாத்தியாரே. ஆனா 25 வெச்சுக்கிறது நல்லதுதானே? டிவிக்குக் குடுக்கிறதா இருந்தா இங்க 25தான்.

பழம்பெருச்சாளி:
அதை யாரும் மறுக்கலை. ஷட்டரைப் பூட்டுங்கன்னுதான் சொல்றேன்.

சுருதிப்பெட்டி:
சத்தத்துக்கு வருவோம். ஃபிளாக், மைக்கோட பிளக்கைப் பாருங்க. உலோகத்துல எத்தனை கறுப்பு வளையம் இருக்கு?

ஃபிளாக்_கிழக்கு:
வளையம் ரெண்டு. காலர்ல குத்துற மைக், ஆபிஸ் அலமாரியில பழைய கேமராவோட கிடந்தது. போன் ஆண்ட்ராய்டு. அதுல ஹெட்போன் ஓட்டை இல்ல, யு.எஸ்.பி. சி அடாப்டர் போட்டுத்தான் மாட்டினோம். ஆப் போனோட வந்ததேதான். ஹால்ல நீள டியூப்லைட்டு.

சுருதிப்பெட்டி:
சந்தேகம் சரிதான். ரெண்டு வளையம் கேமராவுக்கான பிளக், போனுக்கு மூணு வளையம் வேணும். அடாப்டர் சாக்கெட்டுல மைக்குக்குன்னு இருக்கிற நாலாவது தொடுமுனையை ரெண்டு வளையப் பிளக்கோட அடிப்பாகம் எர்த்தோட சேர்த்துடும். உடனே போன் "இது மைக் இல்லாத வெறும் ஹெட்போன்"னு முடிவு பண்ணி, தன்னோட சொந்த மைக்குலயே பதிவு செய்யும். எந்த எச்சரிக்கையும் காட்டாது. ஆய்வாளர் சட்டையில மைக் இருக்கும், ஆனா சத்தம் ரெண்டு மீட்டர் தள்ளி ஸ்டாண்டுல நிக்கிற போன் வழியாத்தான் போயிருக்கும். கூடவே வெறும் சுவர் எதிரொலியும்.

சோதிக்கிறது சுலபம். ரெக்கார்ட் பண்ணிட்டே காலர் மைக்கை நகத்தால சுரண்டுங்க, அப்புறம் போன் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்க. திரும்பப் போட்டுக் கேளுங்க. எது கரகரன்னு பலமாக் கேட்குதோ அதுதான் வேலை செய்யுற மைக்.

தீர்வு ரெண்டு. ரெண்டு வளையத்தை மூணா மாத்துற சின்ன இணைப்பு வயர் கடையில கேளுங்க, "கேமரா மைக்கைப் போன்ல போட"ன்னு சொன்னா எடுத்துத் தருவாங்க. வாங்கினதும் சுரண்டல் சோதனையை மறுபடி பண்ணுங்க, சில யு.எஸ்.பி. சி அடாப்டர் மைக்கைக் கடத்துறதே இல்லை. காசே இல்லைன்னா இன்னொரு போனை ஏரோபிளேன் மோடுல போட்டு, வாய்ஸ் ரெக்கார்டரை ஓட விட்டு, ஆய்வாளர் சட்டைப் பையில மைக் மேல்பக்கம் இருக்கிற மாதிரி வைங்க. அந்த ஓட்டை கீழ்ப்பக்கம்தான் இருக்கும், அதனால போனைத் தலைகீழா வைக்கணும். ஆரம்பத்துல ஒரு கைதட்டு. எடிட்டிங்ல ரெண்டு பதிவிலயும் அந்தத் தட்டு கூரா எழும்பி நிக்கும், ஒண்ணு மேல ஒண்ணு வெச்சாப் போதும்.

காலர் மைக் மோவாயிலிருந்து ஒரு சாண் கீழ இருக்கணும். தாலிச் சங்கிலி, அடையாள அட்டைக் கயிறு உரசுதான்னு பாருங்க.

க்யூர்பிப்_தூறல்:
வாய் ஒட்டாததுக்குக் காரணம் வேற. போன் ஃப்ரேம் ரேட்டை நிலையா வெச்சுக்காது, வெளிச்சம் குறைஞ்சா 30-லிருந்து தானா இறங்கும். சில எடிட்டர் ஆப் அதை நிலையானதுன்னு எடுத்துக்கிட்டு அடுக்கிட்டே போகும், போகப் போக விலகும். எடிட் பண்றதுக்கு முன்ன ஹேண்ட்பிரேக்ல (கம்ப்யூட்டர்ல ஓடுற இலவச மென்பொருள்) போடுங்க. அதுல 'வீடியோ'ங்கிற பக்கத்துல ஃப்ரேம் ரேட்டை எடுத்த எண்ணுக்கே வெச்சு, "கான்ஸ்டன்ட்" தேர்ந்தெடுங்க. ரெண்டு போன் முறையில சத்தப் பதிவு 48 கிலோஹெர்ட்ஸ்ல (வீடியோ சத்தத்துக்கு வழக்கமான அளவு) இருக்கட்டும். 2 நிமிஷத்துக்கு ரெண்டு போனோட கடிகார வித்தியாசம் தெரியாது, முக்கால் மணி நேரக் கூட்டம்னாத்தான் கவலை.

மஹேபூர்_மலர்:
எடுத்ததைச் சரி பண்ண உக்காராதீங்க, மறுபடி எடுங்க. அதுவும் ஹால் வேண்டாம், வராண்டா. காலை 9-க்கு முன்ன, இல்லன்னா சாயந்திரம் 4-க்கு மேல. உச்சி வெயில்ல கண்குழி கறுத்துப் போகும். ஆள் நிழல்ல நிக்கணும், முகம் வெளிச்சம் வர்ற பக்கம் பார்க்கணும், பின்னாடி வானம் தெரியக் கூடாது. டியூப்லைட்டே இல்லாததால பட்டைப் பிரச்சினையும் ஒழிஞ்சது. முகத்து மேல விரலை அழுத்திப் பிடிச்சாப் பல போன்ல ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கும். காத்து அடிச்சா மைக்குக்குப் பஞ்சுக் குல்லா போடுங்க.

டெங்குன்னா ஆளையே 2 நிமிஷம் காட்டாதீங்க. பூந்தொட்டித் தட்டு, டயர், கூரைத் தண்ணி போற தகரக் கால்வாய், மூடாத டிரம், ஒவ்வொண்ணையும் 8 நொடி அசையாம எடுங்க, ஜூம் வேண்டாம். தேங்கின தண்ணியை ஒரு வெள்ளைத் தட்டுல ஊத்தி, பக்கவாட்டுல டார்ச் அடிச்சா லார்வா (கொசுப்புழு) நெளியறது நல்லாத் தெரியும். தட்டைக் கொஞ்சம் அசைச்சா அடியில போய் ஒளியும், பிறகு மூச்சு விடத் திரும்ப மேல வரும். அந்த ஒரு ஷாட்டுக்கு ஜனங்க நின்னு பார்ப்பாங்க. முட்டை கொசுவாக இந்த வெக்கைக்கு ஒரு வாரம், பத்து நாள்தான். "வாரம் ஒரு தடவை கொட்டுங்க"ன்னு அவர் சொல்றப்ப இந்த ஷாட்டைப் போடுங்க.

லென்ஸ்மாமா:
நிமிர்த்தி எடுங்க. இப்ப எல்லாரும் போன்லதான் பார்க்கிறாங்க.

பழம்பெருச்சாளி:
அப்புறம் சபை ஹால் ப்ரொஜெக்டர்ல நடுவுல ஒரு துண்டு தெரியும், ரெண்டு பக்கமும் கறுப்பு. பொது அமைப்புக்குன்னா படுக்கை வசம், 1920-க்கு 1080.

லென்ஸ்மாமா:
ப்ரொஜெக்டர்ல பார்க்க எத்தனை பேர் வருவாங்க? நாற்காலிதான் பார்க்கும்.

பழம்பெருச்சாளி:
எம்.பி.சி. (நம்ம நாட்டு அரசு டிவி) கேட்டா நிமிர்ந்த படத்தைக் குடுப்பீங்களா?

மஹேபூர்_மலர்:
ஐயா, மாமா, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. போன்ல 4கே (3840-க்கு 2160) இருந்தா 4கே படுக்கை வசமா எடுத்து, ஆளை நடுவுல வைங்க. 2160 உயரத்திலிருந்து 1215 அகலத் துண்டை வெட்டினா நிமிர்ந்த படம், 1080-க்கு இறக்கினாலும் கூர்மை குறையாது. ரெண்டும் ஒரே பதிவிலிருந்து வரும்.

லென்ஸ்மாமா:
4கே கோப்பு அவங்க ஆபிஸ் லாப்டாப்ல நகருமா?

க்யூர்பிப்_தூறல்:
பேசுறதைப் படத்துல எழுத்தாவும் கட்டாயம் போடுங்க, நிறையப் பேர் சத்தத்தை அணைச்சுட்டுத்தான் பார்க்கிறாங்க. ஒரு தடவைக்கு ரெண்டு வரிக்கு மேல வேண்டாம், நிமிர்ந்த படத்துல அடியிலிருந்து கால்வாசி மேல தள்ளி வைங்க, கீழ பட்டன் மறைக்கும். எங்கூர்ப் பேச்சு மொழியான க்ரியோல்ல எழுத்துன்னா பாட்டிவரைக்கும் போய்ச் சேரும். சினிமாப் பாட்டு மட்டும் பின்னணியில வேண்டாம், பேஸ்புக் சத்தத்தையே அணைச்சுடலாம்.

ஃபிளாக்_கிழக்கு:
சுரண்டிப் பார்த்தோம், போன் மைக்தான். சின்ன வயர் போர்ட் லூயிஸ்ல கிடைச்சுது. இன்னிக்குக் காலையில வராண்டாவுல எடுத்தோம், பட்டை இல்ல, சத்தம் கணீர்னு இருக்கு. வெள்ளைத் தட்டு ஷாட் பிரமாதம் மலர் அக்கா. எல்லாருக்கும் நன்றி.

சுருதிப்பெட்டி:
சந்தோஷம். வாட்ஸ்அப்ல அனுப்பினா வீடியோவா அனுப்பாதீங்க, "டாக்குமெண்ட்"னு அனுப்புங்க, இல்லன்னா நசுக்கிடும்.

க்யூர்பிப்_தூறல்:
வாயசைவு ஒட்டுச்சா? எந்த எடிட்டர்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே.

லென்ஸ்மாமா:
படுக்கையா, நிமிர்த்தியா? அதையும் சொல்லுங்க.