டபிள்யூஆர்எஃப் ஜொப் கியூவிலேயே கிடக்கிறது, முறை வந்தால் உடனே நின்றுவிடுகிறது. உதவி தேவை

வாவிக்கரை:

வணக்கம். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், முதுமாணி ஆய்வு செய்கிறேன். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மொடலில் ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. 78 சூறாவளியைப் பற்றிக் கதைக்காத வீடு எங்கள் பக்கம் இல்லை. ஆனால் காற்று எந்த நேரம் எந்தத் திசையில் திரும்பியது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். அதை மொடலில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மேற்பார்வையாளர் மூலமாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த பொது மெஷின்) கணக்குக் கிடைத்திருக்கிறது. ஜொப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள் ஸ்லர்ம், ஒரு நோட்டில் (ஒரு கணினியில்) 64 கோர். உள்ளீடு ஈஆர்ஏ5 என்ற பழைய வானிலைத் தரவு. மூன்று டொமைன் (ஒன்றுக்குள் ஒன்றான கணிப்புப் பரப்புகள்), புள்ளிகளுக்கு இடையே 27, 9, 3 கிலோமீற்றர். புள்ளிகள் 100×100, 121×121, 151×151. 21ஆம் திகதி 00 யுடிசி தொடக்கம் மூன்று நாள், டைம் ஸ்டெப் (மொடல் ஒரு தடவை முன்னேறும் நேரம்) 120 செக்கன்.

முதலில் 64 கோரில் போட்டேன். நன்றாக ஓடி, சரியாக ஒரு மணித்தியாலத்தில் 'டைம்அவுட்' என்று நின்றது. வெளியீடு 22ஆம் திகதி காலை 6 யுடிசியோடு முடிகிறது, புயல் இன்னும் கடலில்தான் நிற்கிறது. அதனால் நாலு நோட், 256 கோர், ஏழு நாள் என்று கேட்டுப் போட்டேன். நாட்கணக்காக 'பெண்டிங்'. காரணம் ஒருநேரம் 'பிரையோரிட்டி', இன்னொரு நேரம் 'ரிசோர்சஸ்'. கடைசியில் முறை வந்தது, ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. ஸ்லர்ம் ஃபைலில் 'எம்பிஐ அபோர்ட்' (கோர்கள் கூடி ஓடுவது நிறுத்தப்பட்டது) என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. மெமரி போதவில்லையா? இன்னும் நோட் கேட்க வேண்டுமா?

கல்லடி அக்கா:

இன்னும் கேட்காதீங்க தங்கச்சி. முதலில் ஸ்லர்ம் ஃபைலை விட்டுவிட்டு, ஓடிய டிரெக்டரியில் 'ஆர்எஸ்எல் எரர் 0000' என்ற ஃபைலைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்க. டபிள்யூஆர்எஃப் தன் குறையை அங்கேதான் எழுதும்.

வாவிக்கரை:

பார்த்தேன் அக்கா. டொமைன் 1 இத்தனை ப்ரொசஸருக்குப் போதாத அளவு சிறியது, ஒரு துண்டின் பக்கம் குறைந்தது 10 புள்ளி இருக்க வேண்டும் என்று இருக்கிறது.

கல்லடி அக்கா:

அப்போ மெமரி இல்லை, இதுதான். 256 கோர் கொடுத்தால் மொடல் ஒவ்வொரு டொமைனையும் 16×16 துண்டாக வெட்டும். வெளி டொமைன் 100 புள்ளிதான், 16ஆல் பிரித்தால் ஒரு துண்டுக்கு ஆறு ஏழு புள்ளி. ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு விளிம்புத் தரவைப் பரிமாறிக்கொண்டே இருக்க வேண்டும். வயலை அளவுக்கு மீறிப் பிரித்தால் வரம்புதான் மிஞ்சும், விதைக்க நிலம் இராது. அதனால்தான் 10க்குக் கீழே போக விடாது.

உங்கள் 100×100க்கு மிஞ்சிப்போனால் 10×10, அதாவது 100 கோர். 64 என்றால் 8×8, துண்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று புள்ளி. ஒரே நோட்டுக்குள் அடங்கிவிடும், நோட்டுக்கு நோட்டு நெட்வேர்க்கில் கதைக்கும் நேரமும் மிச்சம். நீங்கள் முதலில் போட்டதே சரியான அளவு.

ஒலுவில் நானா:

அக்கா சொன்னதோடு நேரத்தையும் பாருங்க. முதல் ஸ்கிரிப்டில் நேர வரி இருந்ததா? இல்லாவிட்டால் அந்தப் பார்ட்டிஷனுக்கு (கியூவின் பிரிவுக்கு) வைத்த இயல்பு நேரம்தான் கிடைக்கும். சரியாக ஒரு மணித்தியாலத்தில் நின்றது என்றால் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எவ்வளவு கேட்பது என்று ஊகிக்கத் தேவையில்லை. நின்றுபோன அந்த ஓட்டத்தின் 'ஆர்எஸ்எல் அவுட் 0000'இல் 'டைமிங் ஃபோர் மெயின்' என்ற வரிகள் இருக்கும். டொமைன் 1க்கு ஒரு ஸ்டெப்புக்கு எத்தனை செக்கன் என்று பாருங்க, உள் டொமைன்களின் நேரமும் அதற்குள் அடங்கும்.

வாவிக்கரை:

ஆமாம் நானா, நேர வரி இல்லை. டொமைன் 1க்குப் பெரும்பாலும் 4 செக்கன், ரேடியேஷன் (கதிர்வீச்சுக் கணக்கு) வரும் ஸ்டெப்பில் மட்டும் கூடுகிறது.

ஒலுவில் நானா:

சரி, கணக்குப் போடுவோம். மூன்று நாள் என்பது 2,59,200 செக்கன், 120ஆல் பிரித்தால் 2,160 ஸ்டெப். நாலு செக்கன் வீதம் 8,640 செக்கன், 2 மணி 24 நிமிடம். ரேடியேஷனுக்கும் ஃபைல் எழுதுவதற்கும் சேர்த்து 4 மணித்தியாலம் கேளுங்க.

ஏழு நாள் கேட்டதால் எதுவும் கூடுதலாக வெட்டுப்படாது, ஓடிய நேரத்துக்குத்தான் உங்கள் பங்கில் கணக்கு. ஆனால் ஸ்லர்ம் பெரிய ஜொப்புக்காக நோட்களை ஒதுக்கிக் காத்திருக்கும்போது, இடையில் கிடைக்கும் வெற்று நேரத்தில் சின்ன ஜொப்களை நுழைத்து ஓட்டும். நாலு மணி, ஒரு நோட் என்றால் அந்த இடைவெளியில் நுழையலாம். ஏழு நாள், நாலு நோட் எந்த இடைவெளியில் நுழையும்? ஏழு நாளுக்குள் பராமரிப்பு வேலை திட்டமிட்டிருந்தால் அது முடியும்வரை தொடங்கவே தொடங்காது. பலர் வரிசையில் நிற்கும் பொது மெஷின், தேவையான அளவுக்குக் கேட்பதுதான் மற்றவர்களுக்கும் நல்லது.

அக்கரைப்பற்றான்:

இன்னொன்று. நேம்லிஸ்டில் (மொடலின் அமைப்பு ஃபைலில்) 'ரீஸ்டார்ட் இன்டர்வல்' 360 வையுங்க, அது நிமிடக் கணக்கு. மொடல் நேரத்தில் ஆறு மணிக்கொரு ரீஸ்டார்ட் ஃபைல் விழும். ஜொப் நின்றால் தொடக்கத் திகதியை அந்த ஃபைலின் நேரத்துக்கு மாற்றி, 'ரீஸ்டார்ட்'ஐ 'ட்ரூ' ஆக்கித் தொடரலாம்.

கல்லடி அக்கா:

இரண்டரை மணி ஓட்டத்துக்கு அது கட்டாயம் இல்லை தம்பி, ஸ்கிராட்ச் (தற்காலிகச் சேமிப்பு) இடம்தான் நிறையும்.

அக்கரைப்பற்றான்:

நான் விடமாட்டேன் அக்கா. சூறாவளி மையம் 3 கிலோமீற்றர் டொமைனுக்குள் வரும்போது 'சிஎஃப்எல்' எரர் (காற்றின் வேகத்துக்கு டைம் ஸ்டெப் பெரிதாகும்போது வருவது) வந்து நிற்கச் சாத்தியம் உண்டு. அப்போது கடைசி ரீஸ்டார்ட்டிலிருந்து டைம் ஸ்டெப்பை 90க்குக் குறைத்துத் தொடரலாம், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

வாவிக்கரை:

64 கோர், 4 மணித்தியாலம், ரீஸ்டார்ட் 360. போட்ட அன்றிரவே கியூவில் இடம் கிடைத்து, மூன்று மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது! இடையில் வீட்டில் கரண்ட் போனது, ஆனால் எஸ்பேட்சில் (ஸ்லர்முக்கு ஜொப் கொடுக்கும் கட்டளை) போட்டதால் ஜொப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. 'சிஎஃப்எல்' வரவில்லை. எல்லோருக்கும் மிக்க நன்றி. இனி வெளியீட்டை இறக்க வேண்டும், எங்கள் இணைப்பில் முழு ஃபைலும் இறங்காது. என்ன செய்யலாம்?

ஒலுவில் நானா:

முழுவதையும் இறக்காதீங்க. கிளஸ்டரிலேயே 'என்சிகேஎஸ்' என்ற கருவி கொண்டு மூன்றாம் டொமைனில் வேண்டிய மாறிகளை மட்டும் வெட்டி எடுங்க: யூ10, வி10 (10 மீற்றர் உயரக் காற்று), பிஎஸ்எஃப்சி (தரை அழுத்தம்), ரெய்ன்என்சி (மழை), அதோடு நேரமும் அகலாங்கு நெட்டாங்கும். வெட்டும் வேலையையும் லொகின் நோட்டில் (எல்லோரும் உள்நுழையும் கணினியில்) செய்யாமல் சின்ன ஜொப்பாகப் போடுங்க. பிறகு ஃபைல் இறக்கும் 'ஆர்சிங்க்'கில் 'பார்ஷியல்' தெரிவோடு இறக்குங்க, இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஸ்கிராட்சில் பழைய ஃபைல்களைத் தானாக அழிக்கும் விதி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்க.