ஐந்து நாள் பிந்திப் போன தம்பிக்கு உதவி வேணும்

அண்ணாமார், வைத்தியத்துறையில இருக்கிறவங்களும் தயவுசெய்து வாசியுங்கோ. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கு.

உப்புவெளியில இருக்கிற என்ர சித்தப்பாட மகனுக்கு, போன கிழமை உறவின்போது ஆணுறுப்பில ‘டக்’ எண்டு சத்தம் கேட்டு, உடனே விறைப்பு இறங்கியிருக்கு. வெட்கத்தில மனுசிக்குத் தவிர ஒருத்தருக்கும் சொல்லேல்ல. நோவுக்குளிசை போட்டுக்கொண்டு அறைக்குள்ளயே கிடந்திருக்கிறான். ஐந்தாம் நாள் நான் போய்ப் பார்க்கேக்க சாரத்தை ஒரு கையால தூக்கிப் பிடிச்சபடி கட்டில் விளிம்பில இருந்தான். உறுப்பு கத்தரிக்காய் நிறத்தில வீங்கி ஒரு பக்கம் சரிஞ்சிருந்தது. அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனன்.

உள்ளுக்குள்ள இரத்தம் நிரம்பிற பகுதியைச் சுற்றியிருக்கிற வெண்ணிற உறை கிழிஞ்சிருக்காம். 24 மணித்தியாலத்துக்குள்ள வந்திருந்தால் நல்லது, ஆனா இப்பவும் தைக்கலாம் எண்டு டொக்டர் சொன்னார். விட்டால் தழும்பு பிடிச்சு வளையலாம், விறைப்பும் குறையலாம். சிறுநீரில இரத்தம் இல்லாததால உறுப்புக்குள்ளால சிறுநீர் வெளியேறுற குழாய் தப்பியிருக்கும் எண்டு நம்புறம், அதையும் பார்ப்பினமாம்.

அவன் பயத்தில சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நிற்கிறான்.

இப்பிடிப் பிந்திப் போய் சத்திரசிகிச்சை செய்த ஆராவது இருந்தால் தம்பியோட ஒருக்கால் கதைப்பீங்களா? பெயர் சொல்லத் தேவையில்லை. சிறுநீர் போகப் போடுற டியூப் எத்தனை நாள் இருந்தது, எப்ப வேலைக்குப் போனனீங்கள், பிறகு வளைவு வந்ததா? உள்பெட்டியில எழுதுங்கோ, இண்டைக்கு இரவே அவனுக்குக் காட்டோணும்.