கம்பளை – பதுளை ஏ5 வீதி: வழி, வரலாறு, இறக்கம்

கேள்வி:
14 பேர் வேனில் கம்பளையிலிருந்து நுவரெலியா வழியாகப் பதுளை போக வேண்டும். ஏ5 என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? றம்பொடைப் பக்கம் ஏன் ரயில் இல்லை? எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில் 1:
தொடக்கம் பேராதனை, கொழும்பு–கண்டி ஏ1 வீதியில். கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை, நுவரெலியா, ஹக்கலை, வெலிமடை, ஹாலி-எல, பதுளை. அதோடு நிற்காமல் பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று இறங்கி, மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியைத் தொடும். மலையிலிருந்து கிழக்குக் கரைக்கு ஒரே வீதி இலக்கம்.

ஃபோனில் வழி போடும்போது புசல்லாவையையும் உடபுசல்லாவையையும் குழப்பிக்கொள்ளாதீங்க. உடபுசல்லாவை நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம், ராகலை வழி. வெலிமடையில் பண்டாரவளைக்குப் பிரியும் பாதையையும் விட்டுவிடுங்க. ஹாலி-எலயில் பண்டாரவளை வீதி தானாக வந்து சேரும்.

பதில் 2:
ரயில் கேள்விக்கு: புசல்லாவை, றம்பொடைக் கோப்பித் தோட்டங்களுக்கு இது மாட்டுவண்டிப் பாதை. அப்போது நுவரெலியா ஏற்கெனவே வெள்ளைக்காரரின் ஓய்விடம். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே கட்டிய வீடுதான் இன்றைய கிராண்ட் ஹோட்டலின் மூலம். பிறகு வந்த ரயில் வேறு பக்கமாக ஏறியது: நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல்தான். அதனால் றம்பொடைச் சரிவுக்கு இன்றைக்கும் பஸ்ஸும் லொறியும்தான் கதி.

மண்சரிவுக்குப் பேர்போன கணவாய் அது. ஒரு துண்டை வெட்டித் தவிர்க்கத்தான் 225 மீற்றர் சுரங்கம் போட்டார்கள்.

பதில் 3:
நுவரெலியா 1868 மீற்றர், பதுளை 700க்கும் கீழே. உங்களுக்கு ஏற்றம் பிரச்சினையில்லை, ஹக்கலைக்குப் பிறகுதான் சோதனை. திரும்பி வரும்போது லபுக்கலைக்குக் கீழே இன்னும் மோசம். 2025 மே 11 அன்று 20க்கும் மேற்பட்டோர் இறந்த பஸ் விபத்து நடந்த கரண்டிஎல்ல இந்த வீதியில்தான்.

எந்த கியரில் ஏறுவீங்களோ அதே கியரில் இறங்குங்க. ஆட்டோ கியர் வேன் என்றால் டி-யில் விடாமல் 2 அல்லது எல். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் லைனிங் சூடாகிப் பிடிக்காது. பழைய பிரேக் ஒயில் ஈரம் உறிஞ்சியிருக்கும், சூட்டில் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். புறப்படுமுன் ஒயிலை மாற்றுங்க. கருகிய வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து ஆறவிடுங்க. தண்ணீர் ஊற்றவே கூடாது, பிரேக் டிரம்மில் வெடிப்பு விழலாம். டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால், இரண்டொரு மிதிக்குப் பிறகு பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டர் வேலை செய்யாது, பெடல் கல்லாகிவிடும்.

பிற்பகலில் பனிமூட்டம் இறங்கினால் ஹை பீம் வேண்டாம், வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

பதில் 4:
மழைக்காலமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலைப் பாருங்க. மஞ்சள் என்றால் விழிப்பு. சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்க, 14 உயிர்.

கேட்டவர்:
நன்றி. பிரேக் ஒயில் இந்தக் கிழமையே மாற்றுகிறோம்.