துணைமின் நிலையத்தில் டிரோன் ஜாமர் வைக்கலாமா?

வேலியோரம்:
400 கேவி துணைமின் நிலையம் ஒன்றுக்கு டிரோன் பாதுகாப்புத் திட்டம் தயாராகிறது. ரேடார், ஆர்எஃப் டிடெக்டர் (டிரோனின் ரேடியோ சிக்னலைக் கண்டுபிடிக்கும் கருவி), ஜாமர் (அந்தச் சிக்னலை முடக்கும் கருவி) மூன்றையும் சேர்த்தே விற்பனையாளர் விலை சொல்கிறார். நிர்வாகமே ஜாமரை இயக்கச் சட்டத்தில் இடமுண்டா? இல்லையென்றால் அந்தப் பணத்தை எதில் போடுவது?

சட்டப்புள்ளி:
ஜாமரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தனியார் அதை வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. அரசு நிறுவனமானாலும் தனி அனுமதி வேண்டும். "எல்லாரும் வாங்குறாங்க சார்" என்பார் விற்பவர். வழக்கு வந்தால் கூட நிற்கமாட்டார்.

முதலில் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு டிரோன் தளத்தின் வரைபடத்தில் நிலையம் சிவப்பு மண்டலத்தில் (மத்திய அரசின் அனுமதியில்லாமல் பறக்கக்கூடாத பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையில் இருந்தால், 2021 டிரோன் விதிகளின்படி 400 அடி வரை பறக்க அனுமதியே தேவையில்லை. புகார் கொடுத்தாலும் போலீஸ் எதை வைத்து வழக்குப் போடும்? நிரந்தரச் சிவப்பு மண்டலம் மத்திய அரசின் கையில். அவசரத்துக்கு எஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகமாக அறிவிக்கலாம்.

ஆயில்கூலர்:
மண்டலம் சரி, ஆனால் அது சட்டத்துக்குப் பயந்தவனைத்தான் நிறுத்தும். தானே உதிரிபாகம் வாங்கிக் கோர்த்த டிரோனில் ஜியோஃபென்ஸ் (தடை செய்த பகுதிக்குள் போகவிடாத மென்பொருள் வேலி) எங்கே இருக்கும்? முன்பே பதிவு செய்த பாதையில் ரேடியோ இல்லாமல் வந்தால் ஆர்எஃப் டிடெக்டர் வாய் திறக்காது. ரேடியோவுக்குப் பதில் ஃபைபர் கம்பி வழியே இயக்கப்படும் ரகத்துக்கு 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் ஜாமர் இருந்தும் பயனில்லை. ஜிபிஎஸ்ஸை ஜாம் செய்தாலோ மின்கட்டத்தை அளக்க நீங்கள் வைத்திருக்கும் பிஎம்யூ கருவியின் நேர ஒத்திசைவுதான் முதலில் கெடும். ரேடார் பறவையையும் டிரோனையும் குழப்பும்; பக்கத்தில் வெப்பக் கேமரா இல்லாவிட்டால் பத்தாவது பொய் அலாரத்தில் காவலர் ஒலியை அணைத்துவிடுவார்.

என் கணக்கில் முதல் பணம் டிரான்ஸ்ஃபார்மருக்கு. போய்விட்டால் மாற்று வர ஒரு வருடத்துக்கு மேலாகும். உக்ரைனில் முதலில் கல் நிரப்பிய கம்பிக்கூடைச் சுவர், அடுத்து கான்கிரீட் என்று படிப்படியாகப் போனார்கள். கூடை சிதறல்களைத் தடுக்கும், நேரடி அடியைத் தாங்காது. சுவரை டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டரை ஒட்டிக் கட்டினால் காற்றோட்டம் அடைத்து எண்ணெய் சூடேறும். பஸ்பார் (மின்சாரத்தைப் பல இணைப்புகளுக்குப் பிரித்துவிடும் கடத்தி) மேல் கம்பிவலை கட்டும் யோசனையை யாராவது கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள்: 400 கேவிக்கு தரை இணைப்புள்ள எதிலிருந்தும் சுமார் 3.5 மீட்டர் இடைவெளி வேண்டும், காற்றில் வலை அறுந்து விழுந்தால் எதிரியின் வேலையை நீங்களே முடித்த மாதிரி.

வேலியோரம்:
வளாகத்துக்குள் டிரோன் விழுந்தால்?

சட்டப்புள்ளி:
தொடக்கூடாது, பெட்டியில் எடுத்து வைக்கவும் கூடாது. ஆட்களை விலக்கி, வெடிகுண்டுப் பிரிவுக்குச் சொல்லுங்கள். 2020ல் பென்சில்வேனியாவில் ஒரு துணைமின் நிலையத்துக்குப் பக்கத்துக் கூரையில் விழுந்த டிரோனில் செப்புக் கம்பி தொங்கியது. கேமராவும் மெமரி கார்டும் முன்பே கழற்றப்பட்டிருந்தன. விழுந்த நேரம், வந்த திசை, சிசிடிவி பதிவு மூன்றையும் அன்றே தனியாக எடுத்து வையுங்கள். பல இடங்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.