கால் ஒட்டும் கார்பெட்: மெல்பர்னில் நீங்கள் பாட்டுக் கேட்ட சின்ன பப்கள்

மழைக்கு ஒதுங்கியவன்:
2009-ல் மெல்பர்ன் பக்கம் காலிங்வுட்டில் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். ராத்திரி ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு ஜான்ஸ்டன் தெரு வழியாக நடந்து வருவேன். வெலிங்டன் தெரு முனையில் டோட் பப். ஒருநாள் மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே போனேன். நாலு அடி வைத்ததும் கால் எழவில்லை. பல வருட பீர் ஊறிய கார்பெட், ஷூவைப் பிடித்து இழுக்கிறது! மேடையில் நான்கு பேர் காது கிழிய வாசிக்கிறார்கள், கேட்க இருபது பேர் இருந்தால் அதிகம். ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனாலும் அடுத்த வாரமும் போனேன்.

2010 ஜனவரியில் டோட்டை மூடிவிட்டார்கள். ஆள் வராமல் அல்ல. பின்னிரவு வரை திறந்திருந்து பாட்டும் வைத்தால் அது ‘ஆபத்து அதிகமான’ இடம் என்று மதுபான உரிமத்தில் ஒரு வகை இருந்தது. வாசலில் காவலாட்களை நிறுத்த வேண்டும். ஓரத்தில் ஒருவர் கிதார் மீட்டினாலும் அதே விதிதான். சின்ன இடத்துக்கு இந்தச் செலவு எப்படிக் கட்டுப்படியாகும்?

இந்த விதியை எதிர்த்து பிப்ரவரி 23 அன்று மாநில நூலகத்திலிருந்து நாடாளுமன்றம் வரை ஊர்வலம். நானும் போனேன். பத்தாயிரத்துக்கும் மேல் கூட்டம். எனக்குப் பக்கத்தில் ஒருவர் டிரம் குச்சிகளை மட்டும் எடுத்துவந்து வழியில் இருந்த கம்பி, கம்பம் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் விதியைத் தளர்த்தினார்கள். டோட்டும் அதே வருடம் புதிய ஆட்கள் கையில் திறந்தது.

உங்களுக்கு இப்படி ஏதாவது இடம் உண்டா? எழுதுங்கள்.

மூன்றாம் மாடி:
அண்ணா, நான் எதிர்க்கட்சி. திட்டாதீர்கள். வடக்குப் புறநகரில் அபார்ட்மென்ட் வாங்கினேன். பெயர் வேண்டாம், முப்பதடி தள்ளி ஒரு இசை பப். பகலில் வீடு பார்க்கப் போனதால் ஒன்றும் தெரியவில்லை. முதல் சனிக்கிழமை ராத்திரி அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடின. பாட்டு கேட்கவில்லை, பேஸ் கிதாரின் கனத்த அதிர்வு மட்டும் தரை வழியாக ஏறி வருகிறது.

கவுன்சிலுக்குப் புகார் கொடுத்தேன். போனில் பேசியவர் கோபப்படாமல் ஒரே கேள்வி கேட்டார்: “அவர்கள் எப்போது வந்தார்கள், உங்கள் கட்டடம் எப்போது வந்தது?” எனக்குப் பதில் வரவில்லை. நம் விக்டோரியா மாநிலத்தில் 2014-லிருந்து, ஏற்கெனவே இயங்கும் இசைக்கூடத்துக்கு 50 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டினால் ஒலித்தடுப்பு கட்டுபவர் பொறுப்பு. புதிதாக இசைக்கூடம் தொடங்கினால் அவர்கள் பொறுப்பு. பின்னால் வந்தவர் செலவு செய்யட்டும், அவ்வளவுதான். என் கட்டடம் அதற்கு முந்தியது, அதனால் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என் காசில். சத்தியமாகச் சொல்கிறேன், வயிறு எரிந்தது. ஆனால் விதி சரிதான். அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் வந்ததே அந்த பப்பால்தான், அதைக் காட்டித்தான் எனக்கு வீட்டையும் விற்றார்கள்.

பேஸ் கிதார்க்காரன்:
மூன்றாம் மாடி, அந்த டம்ளர்களுக்கு நானும் ஒரு காரணமாக இருக்கலாம், மன்னிக்கவும் 😄 எங்கள் முதல் நிகழ்ச்சிக்குப் பதினான்கு பேர். அதில் ஆறு பேர் அடுத்து வாசிக்கவேண்டிய குழு. பெரிய அரங்கில் பதினான்கு பேர் என்றால் அவமானம், அந்த அறையில் பாதி நிறைந்த மாதிரி இருந்தது. தப்பாக வாசிக்க இடம் கொடுத்தார்கள் பாருங்கள், அதுக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன்.

மழைக்கு ஒதுங்கியவன்:
2023-ல் டோட் கட்டடமே விற்பனைக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? விதியைத் தளர்த்தலாம், மனை விலையை என்ன செய்வது? இன்னொரு சின்ன பப்பை நடத்தியவர்கள் வாங்கினார்கள். ரசிகர்களிடம் 30 லட்சம் டாலர் திரட்டி, கட்டடத்தை ஒரு அறக்கட்டளையில் வைத்து என்றைக்கும் இசைக்கே விடுவதாகச் சொன்னார்கள். நானும் கொஞ்சம் போட்டேன். மனைவி கேட்டாள், “நமக்கு எத்தனை செங்கல் வரும்?” கார்பெட்டில் ஒரு முழம் என்றேன்.

வெள்ளிக்கிழமை போகிறேன். மூன்றாம் மாடி, நீங்களும் வாருங்கள். பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.