சுகர், உடம்பு வெயிட்டுக்கும் கேன்சருக்கும் சம்பந்தம் இருக்கா?

மதுரைப்பொண்ணு: அம்மாக்கு 58 வயசு, சுகர் இருக்கு, வெயிட் 86 கிலோ, பீரியட்ஸ் நின்னு ஆறு வருஷம் ஆச்சு, போன வாரம் உள்பாவாடைல லேசா ரத்தக்கறை, சூடுதான்டின்னு மோர் குடிச்சிட்டு படுத்துட்டாங்க, எனக்கு பயமா இருக்கு

நர்ஸக்கா: விட்டுடாதம்மா. பீரியட்ஸ் நின்னப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் லேடி டாக்டர்கிட்ட காட்டணும், ஸ்கேன் பாத்துட்டு தேவைன்னா கர்ப்பப்பை உள்ள இருந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. பெரும்பாலும் கேன்சரா இருக்காது, ஆனா பாக்காம சொல்ல முடியாது

திருச்சி குமார்: சம்பந்தம் இருக்குங்க. கொழுப்புலயே ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் உருவாகும், அது கர்ப்பப்பை உள்சுவரை வளர வைக்கும், சுகர், வெயிட்டால ரத்தத்துல இன்சுலின் கூடினாலும் செல் பெருகும். உடல் பருமனோட தொடர்புள்ள கேன்சர் 13 வகைன்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016லயே சொல்லிடுச்சு

மதுரைப்பொண்ணு: நாளைக்கு காலைலயே கூட்டிட்டுப் போறேன்க்கா